3டி படத்துக்கு முன்வரிசை எதற்கு?

திருநெல்வேலியில் 3டி படம் ஓடும் நாட்களில் டிக்கெட் கவுண்டரில் ஒரு பேச்சு காதில் விழும். "முன்னாடி சீட்டாப் போடுங்க அண்ணாச்சி, அப்பத்தான் மூஞ்சிக்கு நேரா வரும்." இடைவேளையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருகிறவர்களில் அந்த முன்வரிசைக்காரர்கள்தான் அதிகம். கண்ணாடி மட்டம், படம் மட்டம், 3டி என்றாலே தலைவலிதான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான நேரம் கோளாறு அவர்கள் கேட்டு வாங்கிய சீட்டில்தான் இருக்கிறது. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, தியேட்டருக்குள் போவதற்கு முன் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று, சுவரில் ஊரும் ஓர் எறும்பைப் பாருங்கள். அது அரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இரண்டு கருவிழிகளும் மூக்குப் பக்கம் திரும்பி, எறும்பின் மேல் சந்திக்கின்றன. பெரியவர்களுக்குக் கருவிழிகளின் இடைவெளி சராசரியாக 6.3 சென்டிமீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் இரு கண்பார்வைகளுக்கும் இடையே 7 டிகிரிக்கு மேல் கோணம் விழுகிறது. இதைத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸ் கொஞ்சம் உப்பி, எறும்பைத் தெளிவாக்குகிறது. இது ஃபோகஸ். கண்ணாடிக் கடையில் பேசும் பவர் கணக்கு இதற்கும் பொருந்தும். ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுத்தால் பவர் வந்துவிடும். அரை மீட்டருக்கு 2 பவர்.

இப்போது தலையைத் தூக்கி, கீழே படித்துறையில் துவைத்துக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். நூறு மீட்டர் தூரம் என்றால் திருப்பம் ஏறத்தாழ இல்லை, பவரும் இல்லை. அதற்கும் அப்பால், வானம் வெளுத்த நாளில் மேற்கே தெரியும் பொதிகை மலையைப் பார்த்தால் கண்ணுக்குப் புதிதாக எந்த வேலையும் இல்லை. கவனித்தீர்களா? 6 மீட்டர் தூரத்திலேயே திருப்பம் 0.6 டிகிரிதான், பவர் 0.17தான். அதாவது கண்ணின் உழைப்பெல்லாம் கைக்கெட்டும் தூரத்திலிருந்து நாலைந்து மீட்டர் வரைதான். அதற்கு அப்பால் மலை வரைக்கும் அதற்கு ஓய்வு.

திருப்பமும் ஃபோகஸும் ஒரே நுகத்தில் பூட்டிய ஜோடி மாடு போல. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மற்றக் கண்ணால் தூரத்திலிருந்து பக்கத்துப் பொருளுக்குப் பார்வையை மாற்றினால், மறைத்திருக்கும் கண்ணும் தன்னால் மூக்குப் பக்கம் திரும்பும். அது எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் திரும்புகிறது. மூளைக்குள் அந்த இணைப்பு அவ்வளவு உறுதியானது. பிறந்ததிலிருந்து நாம் பார்த்த எல்லாப் பொருளிலும் இந்த இரண்டு தூரமும் ஒன்றாகவே இருந்ததால் அந்த இணைப்புக்கு எந்தக் குறையும் வந்ததில்லை.

3டி படம்தான் முதல்முறையாக அந்த நுகத்தைப் பிரிக்கப் பார்க்கிறது. திரையில் ஒரே பொருளுக்கு இரண்டு பிம்பங்கள் விழுகின்றன. இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. நாம் போட்டிருக்கும் கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரியதை மட்டும் விடுகிறது. இடது கண்ணுக்கான பிம்பம் வலப்பக்கமும், வலது கண்ணுக்கானது இடப்பக்கமும் தள்ளி இருந்தால் இரு பார்வைகளும் திரைக்கு முன்னாலேயே சந்திக்கும். பொருள் வெளியே நீட்டிக்கொண்டு வந்ததாகத் தோன்றும். மாற்றி வைத்தால் திரைக்குப் பின்னால் ஆழத்தில் தெரியும். திருப்பம் பொருளிருக்கும் தூரத்துக்குப் போகிறது. ஆனால் வெளிச்சம் வருவது திரையிலிருந்துதானே? ஃபோகஸ் திரையிலேயே நின்றால்தான் படம் தெளிவாக இருக்கும். கண் ஒரு தூரத்துக்குத் திரும்ப வேண்டும், இன்னொரு தூரத்துக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும். இந்த இழுபறிதான் நெற்றி வலி, கண் கனம், ஒரு கணம் மங்கித் தெளிவது எல்லாவற்றுக்கும் முக்கியக் காரணம்.

இழுபறி எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 12 மீட்டர் அகலத் திரை. நம் பக்கம் பாய்ந்து வரும் ஒரு பொருளின் இரு பிம்பங்களுக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைப்போம். முன்வரிசையில், திரையிலிருந்து 5 மீட்டரில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பொருள் 1.2 மீட்டர் தூரத்தில் மிதக்கும். அந்தத் தூரத்தையும் பவராக்கினால், திருப்பம் கேட்பது 0.83 பவர், திரை கேட்பது 0.2 பவர். வித்தியாசம் 0.63. இப்போது 20 மீட்டரில் பின்வரிசை. பொருள் தெரிவது 4.8 மீட்டரில். திருப்பம் கேட்பது 0.21, திரை கேட்பது 0.05. வித்தியாசம் 0.16. முன்வரிசையில் இருக்கும் கஷ்டத்தில் கால்வாசி.

பின்னால் போனால் 3டி குறைந்துவிடுமே என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முன்வரிசைக்காரருக்கு அந்தப் பொருள் திரையிலிருந்து 3.8 மீட்டர்தான் வெளியே வந்தது. பின்வரிசைக்காரருக்கு 15 மீட்டர் வெளியே வந்திருக்கிறது. ஆழம் பார்க்கிறவரின் தூரத்தோடு நீளும், இழுபறி அதே தூரத்தோடு சுருங்கும். காசு கொடுத்து முன்சீட்டு கேட்பவர் குறைந்த ஆழத்தையும் கூடுதல் தலைவலியையும் சேர்த்து வாங்குகிறார். மூக்குக்குப் பக்கத்தில் வருகிற திகில் அவருக்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். அது ஐந்து நிமிடத்துக்குச் சரி, இரண்டரை மணி நேரத்துக்கு?

எவ்வளவு இழுபறியைக் கண் பொறுத்துக்கொள்ளும்? இது சினிமாக்காரர்களுக்கு முன்பே கண்ணாடிக்குப் பவர் எழுதுகிறவர்கள் யோசித்த கேள்வி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்ச்சிபால்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர், திருப்பத்தையும் ஃபோகஸையும் எவ்வளவு தூரம் பிரித்தால் ஒருவர் சிரமமின்றிப் பார்ப்பார் என்று வரம்பு வகுத்தார். தெளிவாக, இரட்டையாகாமல் பார்க்க முடிகிற முழு எல்லையில் நடு மூன்றில் ஒரு பங்குதான் வசதியானது என்பது அவர் கணிப்பு. பார்க்க முடிவதும் வசதியாகப் பார்க்க முடிவதும் வேறு வேறு என்று அதற்கு அர்த்தம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008-இலும் 2011-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், இந்த இழுபறியே தனியாகக் களைப்பை உண்டாக்குகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். வேறு எந்தக் குறையும் இல்லாத திரையை உருவாக்கி, இழுபறியை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்த சோதனை அது. அரை பவர் வாக்கில் வித்தியாசம் இருந்தால் பலர் சமாளிப்பார்கள், அதைத் தாண்டினால் புகார் தொடங்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். முன்வரிசையின் 0.63 அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்த 2011 ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. திரை பக்கத்தில் இருந்தால், அதற்கு முன்னால் நீட்டும் பொருட்கள்தான் அதிகம் தொந்தரவு செய்கின்றன. தூரத்துத் திரையில் அது தலைகீழ். பின்னால் ஆழத்தில் போகிற காட்சிகள் சிரமம் தருகின்றன. பின்னால் போகிற ஆழத்துக்குக் கருவிழி இடைவெளி ஓர் எல்லை வைக்கிறது. திரைக்குப் பின்னால் தெரியும் பொருளின் பிம்பங்கள் 6.3 சென்டிமீட்டர் விலகியிருந்தால் இரு கண்களும் நேராக, இணையாக நிற்கும். அது பொதிகை மலையைப் பார்க்கிற நிலை. விலகல் அதற்கு மேல் போனால் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். இயற்கையில் எந்தப் பொருளும் நம்மிடம் அப்படிக் கேட்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் கருவிழி இடைவெளி ஐந்தரை சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும் என்பதால், அப்பாவுக்கு மலையாகத் தெரியும் காட்சி பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே எல்லை தாண்டிய காட்சி. "எம்மா, கண்ணு வலிக்கி" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், சும்மா சிணுங்கவில்லை.

இங்கேதான் திரையின் அளவு வருகிறது. 6.3 சென்டிமீட்டர் என்பது ஒரு மீட்டர் அகல டிவியில் அகலத்தின் 6 சதவீதத்துக்கும் மேல். 12 மீட்டர் தியேட்டர் திரையில் அது அரை சதவீதம். டிவிக்காக ஆழம் வைத்து, பின்னணிக்கு 3 சென்டிமீட்டர் விலகல் கொடுத்த ஒரு படத்தை அப்படியே தியேட்டரில் போட்டால் அந்த 3 சென்டிமீட்டர் 36 ஆகிவிடும். யார் கண்ணும் அவ்வளவு விரியாது, படம் இரண்டாகப் பிளந்துவிடும். தியேட்டருக்குச் செய்ததை டிவியில் போட்டால் ஆபத்தில்லை, ஆழம் வற்றிப்போய்ச் சப்பையாகத் தெரியும். ஆகவே ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு திரைக்கும் ஆழத்தைத் திருத்துவார்கள். எளிய திருத்தம், இரு பிம்பங்களையும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவது. அதனால் முழுக் காட்சியும் முன்னாலோ பின்னாலோ நகரும், எந்தப் பொருள் சரியாகத் திரையின் மேலேயே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். கதாநாயகியின் முகத்தைத் திரைமேல் வைத்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் இழுபறி பூஜ்யம். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் மொத்தம் எவ்வளவு விலகல் இருக்கலாம் என்பது, படம் பிடிக்கும்போது இரண்டு கேமரா லென்ஸ்களுக்கு இடையே வைத்த தூரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். பிறகு நகர்த்துவதால் அது சுருங்காது. ரஜினிகாந்தின் 'சிவாஜி' 2012 டிசம்பரில் 3டி ஆக மாற்றப்பட்டு வந்ததே, அந்த மாதிரி மாற்றுகிற முறையில் ஆழத்தைப் பிற்பாடு விருப்பப்படி வைக்கலாம். நேரடியாக 3டி கேமராவில் எடுத்த '2.0' (2018) போன்ற படத்தில் அந்த முடிவைப் படப்பிடிப்பு நாளிலேயே எடுத்தாக வேண்டும். நேரடியாக எடுத்தால்தான் உண்மையான 3டி, மாற்றியது போலி என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். கண்ணின் வசதி என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் மாற்றிய படத்துக்கு ஒரு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

பார்க்கிறவர் தப்பு செய்யாதபோதும் தலைவலி வருவதுண்டு. அதற்கு 1980களைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் 3டி படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984 ஆகஸ்டில் வெளியானது. நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, அவர் மகன் ஜிஜோ இயக்கம், அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. மலையாளப் படம் என்றாலும் தமிழிலும் ஓடியது. அடுத்த ஆண்டே விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' தமிழின் முதல் 3டி படமாக வந்தது. குட்டிச்சாத்தான் கால முறையில் ஒரே ஃபிலிம் சுருளில், ஒரு ஃபிரேமுக்குள்ளேயே இடக் கண் படமும் வலக் கண் படமும் மேலும் கீழுமாக இருக்கும். புரொஜக்டரின் முன் ஒரு சிறப்பு லென்ஸ் அவற்றைப் பிரித்து, திரையில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த விழவைக்கும். ஆபரேட்டர் அந்த லென்ஸை இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒரு கண் படம் மேலே, மறு கண் படம் கீழே.

பக்கவாட்டு விலகலைக் கண் ஆழமாக எடுத்துக்கொள்ளும். மேல்கீழ் விலகலை அப்படி எடுத்துக்கொள்ள வழியே இல்லை. ஒரு கண் மேலேயும் மறு கண் கீழேயும் பார்க்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. சிறிய அளவுக்கு மூளை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டும், அந்த இழுப்புக்குத்தான் தலை வலிக்கும். அந்தக் காலத்தில் ஒரே படம் ஓர் ஊரில் அருமையாகவும் அடுத்த ஊரில் சகிக்க முடியாமலும் இருந்திருந்தால் அதற்குப் புரொஜக்டர் அறையே காரணமாக இருக்கலாம். டிஜிட்டல் புரொஜக்டர் வந்தபிறகு இந்தத் தொல்லை மிகவும் குறைந்தது. ஆனால் தலையைச் சாய்த்து, பக்கத்து ஆள் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தால் அதே மேல்கீழ் விலகலை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். இரு பிம்பங்களும் திரையில் கிடைமட்டமாகத்தான் விலகியிருக்கின்றன, நம் கண்கள் இரண்டும் சாய்ந்த கோட்டில் இருக்கின்றன. 3டி படத்தில் நிமிர்ந்து உட்காருவது மரியாதைக்காக அல்ல.

குட்டிச்சாத்தான் கதையில் ஒரு கிளைக்கதை. படம் ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணாடி வழியாக 'மெட்ராஸ் ஐ' பரவுகிறது என்று வதந்தி கிளம்பியது. பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த், சிரஞ்சீவி போன்ற நட்சத்திரங்களை வைத்து, கண்ணாடிகள் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் சுத்தம் செய்யப்படுகின்றன என்று விளக்கும் துண்டுப்படம் எடுத்து, படத்துக்கு முன் போட்டார்கள். கண் நோய் கைபட்ட பொருள் வழியாகப் பரவக்கூடியதுதான், கண்ணாடியைத் துடைத்துப் போடுவது நல்லது. துடைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 3டி கண்ணாடி போட்டாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். மங்கலில் கண்மணி விரியும், விரிந்த கண்மணிக்கு ஃபோகஸ் பிழையைப் பொறுக்கும் சக்தி குறைவு. எண்ணெய்க் கறை படிந்த கண்ணாடி அதை இன்னும் மோசமாக்கும். தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு 3டி கண்ணாடியை மட்டும் போடுவதும் சரியில்லை. சொந்தக் கண்ணாடி கீழே, 3டி கண்ணாடி மேலே. அசிங்கமாக இருக்கும், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

தியேட்டரில் பார்வையாளர் கையில் இருப்பது சீட்டு ஒன்றுதான். கையில் வைத்துப் பார்க்கும் கருவிகளில் நிலைமை வேறு. இரட்டைப் படம் என்பது சினிமாவைவிட மூத்த விஷயம். 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகளை வைத்து முதல் ஸ்டீரியோஸ்கோப்பைச் செய்து காட்டினார். அதற்கு இருபது ஆண்டுக்குள், 1858-இல், லினியஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சிக் கோயில்களை இரட்டைப் படங்களாக எடுத்துச் சென்னையில் வெளியிட்டார். 1861-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மலிவான கைக்கருவி ஒன்றை வடிவமைத்தார். முன்னால் இரண்டு லென்ஸ், நீளமான மரச் சட்டம், அதன்மேல் படத்தை வைத்து முன்னும் பின்னும் தள்ளலாம். அந்தத் தள்ளுகிற சட்டம்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயத்துக்கும் முன்னோடி. படத்தைக் கிட்டே கொண்டுவந்தால் ஃபோகஸும் கிட்டே வரும். ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு இதமான இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு வந்த தலைமாட்டிக் கருவிகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது என்பது வேடிக்கை.

தலையில் மாட்டும் விஆர் கருவியைக் கடைகளிலும் கண்காட்சிகளிலும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் திரை கண்ணிலிருந்து நாலைந்து விரற்கடை தூரத்தில் இருக்கிறது. ஆனால் இடையில் இருக்கும் லென்ஸ் அதன் பிம்பத்தை ஒன்றரை, இரண்டு மீட்டர் வாக்கில் தள்ளி வைக்கிறது. கண் ஃபோகஸ் செய்வது எப்போதும் அந்தத் தூரத்துக்குத்தான். இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். திரை கிட்டேதானே இருக்கிறது, மைனஸ் பவர்காரருக்குக் கண்ணாடி வேண்டாம் என்று நினைப்பது தவறு. மைனஸ் அரை, முக்கால் என்றால் பரவாயில்லை, மைனஸ் மூன்று என்றால் கண்ணாடி கண்டிப்பாக வேண்டும். அதேபோல வாசிக்க மட்டும் கண்ணாடி போடும் ஐம்பது வயதுக்காரர் அந்த வாசிப்புக் கண்ணாடியைக் கருவிக்குள் போடத் தேவையில்லை.

விஆரில் இழுபறி தியேட்டரைவிடப் பல மடங்கு கூட வாய்ப்புண்டு. ஒரு மாயப் பறவை உங்கள் கையில், 30 சென்டிமீட்டரில் வந்து உட்கார்ந்தால் திருப்பம் கேட்பது 3.3 பவர். ஃபோகஸ் நிற்பது 0.6 வாக்கில். வித்தியாசம் இரண்டரைக்கு மேல். அதனால்தான் நல்ல விளையாட்டுகளைச் செய்பவர்கள், நீண்ட நேரம் உற்றுப் பார்க்க வேண்டிய பொருட்களை முக்கால் மீட்டருக்கு அப்பால் வைக்கிறார்கள். எழுத்து, பட்டன் எல்லாம் ஒன்றிரண்டு மீட்டரில் மிதந்தால் அது நல்ல விளையாட்டு. மூக்குக்கு முன்னால் வந்து நின்றால் அதைச் செய்தவருக்கு விஷயம் தெரியவில்லை.

கருவியில் நாம் சரிசெய்ய வேண்டிய முதல் விஷயம் லென்ஸ்களின் இடைவெளி. இதற்கு உங்கள் கருவிழி இடைவெளி தெரிய வேண்டும். கண்ணாடிக் கடையில் ஸ்கேல் வைத்து அளந்து சீட்டில் பி.டி. என்று எழுதுகிறார்களே, அதுதான். 2020-இல் வந்த குவெஸ்ட் 2 என்ற விஆர் கருவியில் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகள்தான் உண்டு. பின்னால் வந்த சிலவற்றில் சக்கரம் திருப்பி நுணுக்கமாக வைக்கலாம். இடைவெளி பொருந்தாவிட்டால் லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்காமல் ஓரம் வழியாகப் பார்ப்போம். ஓரம் பட்டகம் போல ஒளியை வளைக்கும், திருப்பத்தில் தேவையில்லாத பிழை சேரும். அடுத்தது கருவியை மேலும் கீழும் நகர்த்தி, எழுத்து எங்கே மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே வாரை இறுக்குவது. ஒரு பக்கம் தொங்கினால் மேல்கீழ் விலகல். செல்போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிகளில் லென்ஸ் இடைவெளி நிலையானது, பெரியவர் அளவுக்குச் செய்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரியலாம், அளவில் பொருந்தாது. 2011-இல் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கைக்கருவியை விற்றபோது, 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 3டி வேண்டாம் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. கூடவே ஆழத்தைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு தள்ளுப் பொத்தானும் வைத்தது. இதுவரை வந்த 3டி கருவிகளில் பார்க்கிறவர் மேல் அவ்வளவு கரிசனம் காட்டியது வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

இழுபறியை வேரோடு எடுக்கும் முயற்சியும் நடக்கிறது. கண் எங்கே திரும்புகிறது என்று கேமராவால் கவனித்து, ஃபோகஸ் தூரத்தையும் அதற்கேற்ப நகர்த்தும் மாதிரிக் கருவிகளை 2018-இலிருந்து ஃபேஸ்புக்கின் ஆய்வகம் காட்டியிருக்கிறது. முதலில் திரையையே மோட்டாரால் நகர்த்தினார்கள், பிறகு திரவப் படிக லென்ஸ்களை அடுக்கி 64 தூரங்களில் ஃபோகஸ் மாற்றினார்கள். அதே 2018-இல் வந்த மேஜிக் லீப் கருவியில் இரண்டே இரண்டு ஃபோகஸ் தளங்கள் இருந்தன. ஹோம்ஸின் மரச் சட்டம் செய்த வேலையை மின்னணுவில் திரும்பச் செய்கிறார்கள் என்று சொன்னால் அந்தப் பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

நம் வட்டாரத்தில் விஆரைவிட அதிகம் பேர் கையில் எடுக்கும் இரட்டைக்கண் கருவி பைனாகுலர். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடுகட்டும் பருவத்தில், தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் நாட்களில், காலையிலிருந்து மதியம் வரை பைனாகுலரில் கண் பதித்திருப்பவர்கள் உண்டு. அதிலும் அதே விதிதான். முதலில் நடுக் கீலை மடக்கி இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி கருவிழி இடைவெளியை வையுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மறைத்துவிட்டு (கண்ணை மூடாதீர்கள், மூடினால் மற்றக் கண் சுருங்கும்) நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, வலக் கண் பக்கமுள்ள வளையத்தைத் திருப்புங்கள். அதை முதலில் பிளஸ் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்து, முதன்முதலில் தெளிவாகிற இடத்திலேயே நிறுத்த வேண்டும். தாண்டிப் போனால் கண்ணின் லென்ஸ் உப்பி உங்களுக்கு உதவ வந்துவிடும், படம் தெளிவாகவே தெரியும், ஆனால் கண் மணிக்கணக்கில் சும்மா உழைத்துக்கொண்டிருக்கும். அறுவை சிகிச்சை மைக்ரோஸ்கோப்பில் கண் மருத்துவர்கள் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைச் சரிசெய்வதும் இந்தப் பிளஸ் பக்க முறையில்தான். கீழே விழுந்த பைனாகுலரில் இரண்டு குழல்களும் மேல்கீழாகப் பிசகியிருக்கும். பார்த்த சிறிது நேரத்தில் தலை கனத்தால் எவ்வளவு சரிசெய்தும் பயனில்லை, ரிப்பேருக்குக் கொடுத்துவிடலாம்.

சிலருக்கு எந்தச் சீட்டில் உட்கார்ந்தாலும், எந்தக் கருவியை எப்படி வைத்தாலும் 3டி சிரமம்தான். கொக்கிரகுளத்தில் 1987-இல் தொடங்கிய மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்து 3டி காட்சி பார்க்கிறார்கள். எல்லோரும் கையை நீட்டிப் பிடிக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் சும்மா இருந்தால் ஆசிரியர் அதைக் கவனிக்க வேண்டும். மாறுகண், ஒரு கண்ணில் சோம்பேறிக் கண், இரு கண்ணுக்கும் பெரிய பவர் வித்தியாசம், இவற்றில் ஏதேனும் இருந்தால் மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு 3டி தெரியாது, தெரியவில்லை என்பதும் தெரியாது. சோம்பேறிக் கண்ணைச் சிறு வயதில் கண்டால் சரிசெய்ய நல்ல வாய்ப்புண்டு. இன்னொரு வகையினருக்கு 3டி தெரியும், ஆனால் சீக்கிரம் தலை வலிக்கும், புத்தகம் படித்தாலும் வலிக்கும், எழுத்து இரண்டாகும். ஒரு பேனாவை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். 10 சென்டிமீட்டர் வருவதற்கு முன்பே பேனா இரண்டாகிவிட்டால் திருப்பும் திறன் பலவீனமாக இருக்கலாம். பயிற்சியால் பலப்படுத்தக்கூடிய குறை அது. 1988-இலிருந்து திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கண் மருத்துவருக்கு நாம் அலைய வேண்டிய ஊரில் இல்லை.

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாத்தாக்களும் பாட்டிகளும் 3டி படம் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. அவர்கள் கண்ணுக்குள் வைத்திருக்கும் செயற்கை லென்ஸ் உப்பாது, சுருங்காது, பெரும்பாலும் தூரத்துக்கென்று நிலையாக வைத்தது. தியேட்டர் திரை தூரத்தில்தான் இருக்கிறது. ஃபோகஸ் அசையவே வழியில்லாததால் அவர்களிடம் திருப்பம் மட்டும் வேலை செய்கிறது, இழுத்துப் பிடிக்க எதிர்ப்பக்கத்தில் யாருமில்லை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்து, வெளியே விரியச் சொல்லும் காட்சிகளும் இல்லையென்றால், பேரப்பிள்ளைகள் கண்ணைக் கசக்கும் இடத்திலும் அவர்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டுமானால் அந்த முன்வரிசை டிக்கெட்டை எடுத்துக் கொடுக்கலாம், கழுத்து வலிக்கும் என்று சொல்லிவிட்டு.